எடை மாறாமல் உடம்பை இறுக்குவது எப்படி: புதிதாக வலுப்பயிற்சி தொடங்குகிறவர்களுக்கு

"எடையெல்லாம் சரியாத்தானுங்க இருக்குது. தொப்பையும் தொளதொளப்பும்தான் போக மாட்டேங்குது." கோவையிலும் திருப்பூரிலும் ஜிம்முக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். இவர்களுக்கு அக்கம்பக்கத்தில் கிடைக்கும் யோசனை பெரும்பாலும் இரண்டுதான்: சோற்றைக் குறை, நட. இரண்டையும் செய்தால் எடை குறையும். ஆனால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். மூன்று கிலோ குறைந்த பிறகும் கையும் தொடையும் தொங்கலாகவே இருக்கும், முகம் மட்டும் வாடிவிடும்.

இப்படிப்பட்டவர்கள் எடையை அப்படியே வைத்துக்கொண்டு, அந்த எடைக்குள் தசையின் பங்கைக் கூட்டி, கொழுப்பின் பங்கைக் குறைக்க வேண்டும். ஒரு கிலோ கொழுப்பு உடம்பில் ஏறத்தாழ 1.1 லிட்டர் இடத்தை அடைக்கும். ஒரு கிலோ தசைக்கு 0.95 லிட்டர்கூட வேண்டாம். இரண்டு கிலோ கொழுப்பு போய் இரண்டு கிலோ தசை வந்தால் எடை மெஷினில் மாற்றமே தெரியாது. ஆனால் சுடிதார் இடுப்பில் தளரும், சட்டை தோளில் நிரம்பும். இதுவரை எடை தூக்கிப் பழகாதவர்களுக்கு இது மற்றவர்களைவிட எளிதாக நடக்கும். உடம்புக்கு அந்த வேலை புதிது என்பதே காரணம்.

யாருக்கு இது பொருந்தும்

உயரத்துக்கு ஏற்ற எடை இருந்தும் இடுப்பில் சதை போட்டவர்களுக்கு. நம்மவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் பிஎம்ஐ (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) அளவு 18.5 முதல் 22.9 வரை. 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது சுமார் 47 முதல் 59 கிலோ வரை வரும். அதைத் தாண்டி நிறையவே கூடியிருந்தால் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டே இதே பயிற்சியைச் செய்யுங்கள். ரொம்பவும் ஒல்லியாக இருந்தால் சாப்பாட்டைக் கூட்டுங்கள். பயிற்சி மூவருக்கும் ஒன்றுதான்.

முதல் வேலை: இன்ச் டேப்

தையல் டேப் இல்லாத வீடு திருப்பூர்ப் பக்கம் குறைவு. காலையில் வெறும் வயிற்றில், மூச்சை இயல்பாக வெளியே விட்டு, தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளங்கள். வயிற்றை உள்ளே இழுக்க வேண்டாம். பின்புறத்தின் அகலமான இடம், வலது தொடையின் நடு, வலது மேற்கையின் நடு ஆகியவற்றையும் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் சர்க்கரை நோய், இதய நோய் ஆபத்து கூடும் என்பது இந்தியர்களுக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லை. எடை மெஷின் காட்டுவதைவிட இந்த எண்ணைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

எடையையும் பார்க்கத்தான் வேண்டும். வாரத்தில் மூன்று நான்கு காலை பார்த்துச் சராசரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விருந்து சாப்பிட்ட மறுநாள் உப்பாலும் தண்ணீராலும் ஒன்றரைக் கிலோ கூடிக் காட்டும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் அப்படித்தான். ஒரே நாள் எடையைப் பார்த்து ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்துவது, இந்த வழியில் போகிறவர்கள் செய்யவே கூடாத காரியம்.

அடுத்து தட்டு

பயிற்சியைவிட இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. நம் வீட்டுச் சாப்பாட்டில் மாவுச்சத்து தாராளம், புரதம் குறைவு. தசை வளரப் புரதம் வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை ஒரு நாளைக்குப் போதும்.

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் 58 கிலோ பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு நாளொன்றுக்கு 70 முதல் 93 கிராம் புரதம் தேவை. காலையில் நான்கு இட்லி, தேங்காய்ச் சட்னி: சுமார் 9 கிராம். மதியம் சோறு, ரசம், பொரியல், கொஞ்சம் தயிர்: 13 கிராம். இரண்டு டீ, பொழுதோட ஒரு பஜ்ஜி, ராத்திரி மூன்று தோசை. எல்லாம் கூட்டினாலும் 40 கிராமைத் தாண்டாது. வயிறு நிறைந்துதான் இருக்கிறது, தசைக்குப் போக வேண்டியதுதான் போகவில்லை.

இதை மாற்றத் தனிச் சமையல் தேவையில்லை. இட்லியை மூன்றாக்கி இரண்டு முட்டை சேர்த்தால் காலையில் 18 கிராம் ஆகிவிடும். முட்டைக்கு நாம் அலைய வேண்டியதில்லை, நாமக்கல் பக்கத்திலேயே இருக்கிறது. மஞ்சள் கருவைத் தூக்கிப் போடாதீர்கள். புரதத்தில் ஏறத்தாழ பாதி அதில்தான் இருக்கிறது. மதியம் சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, ஒரு கிண்ணம் கொள்ளுப் பருப்பு, ஒரு கிண்ணம் தயிர்: எல்லாம் சேர்ந்து 20 கிராமுக்கு வரும். பஜ்ஜிக்குப் பதில் கொண்டைக்கடலைச் சுண்டல் 8 கிராம். ராத்திரி இரண்டு தோசையோடு சோயா உருண்டைக் குழம்பு. 30 கிராம் உலர்ந்த சோயாவில் மட்டும் 15 கிராம் புரதம் இருக்கிறது. படுக்கும் முன் ஒரு டம்ளர் பால். கூட்டிப் பார்த்தால் 74 கிராம் வந்துவிட்டது. சோயாவுக்குப் பதில் 150 கிராம் கோழிக்கறி என்றால் 90 பக்கம் வரும். மொத்தச் சாப்பாட்டின் அளவு பெரிதாகக் கூடவில்லை, பங்குதான் மாறியிருக்கிறது. அதனால்தான் எடையும் நிலையாக நிற்கிறது.

கொள்ளுப் பயறு பற்றி ஒரு வார்த்தை. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நம்பி, காலையில் வெறும் கொள்ளு ரசம் மட்டும் குடித்துவிட்டுப் பட்டினி கிடப்பவர்கள் இருக்கிறார்கள். கொள்ளு தானாகக் கொழுப்பைக் கரைக்காது. 100 கிராமில் 22 கிராம் புரதமும் நிறைய நார்ச்சத்தும் இருப்பதால் பசி அடங்குகிறது, தசைக்கும் தீனி கிடைக்கிறது. அந்தப் பலன் வேண்டுமானால் தண்ணீரை மட்டும் இறுத்துக் குடிக்காமல், கடைந்த பருப்பாகவே சாப்பிட வேண்டும். அரிசிம்பருப்புச் சாதம் செய்யும்போது பருப்பின் அளவைக் கூட்டி, அரிசியைக் குறைத்துப் பாருங்கள். ருசியில் குறை தெரியாது.

நிலக்கடலையில் கவனம் வேண்டும். புரதம் இருக்கிறதே என்று கைநிறையக் கொறிப்பார்கள். அதில் கொழுப்புதான் பாதி. 100 கிராமில் 570 கலோரி அளவுக்கு வரும். ஒரு கைப்பிடி போதும். தேங்காயும் எண்ணெயும் அதே மாதிரிதான். ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. இரண்டு மூன்று வாரமாக சராசரி எடை ஏறிக்கொண்டே போனால் முதலில் சோற்றைப் பார்க்காதீர்கள், எண்ணெய்த் தூக்கைப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும் அரைக்கிலோ கறி சாப்பிட்டு, மற்ற ஆறு நாளும் ரசத்தோடு ஓட்டினால் கணக்கு சரியாகாது. புரதம் தினமும், மூன்று நான்கு வேளையாகப் பிரிந்து வர வேண்டும். புரட்டாசியில் பயிற்சியை நிறுத்த வேண்டாம். சோயா, பனீர், பருப்பு, பால், தயிர் வைத்தே சமாளிக்கலாம்.

பயிற்சி: ஆறு அசைவு, வாரம் மூன்று நாள்

பெரியவர்கள் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வலு தரும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் நோக்கத்துக்கு மூன்று நாள் நல்லது. திங்கள், புதன், வெள்ளி என்று ஒருநாள் விட்டு ஒருநாள் வையுங்கள். ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு அது முடியாது என்பது தெரியும். அவர்கள் ஞாயிறும், வாரத்தின் நடுவே ஒரு நாளும் பிடித்துக்கொண்டால் போதும். இரண்டு நாளும் பலன் தரும்.

ஒவ்வொரு முறையும் உடம்பு முழுவதற்கும் சேர்த்தே செய்யுங்கள். ஒரு நாள் நெஞ்சு, ஒரு நாள் கை என்று பிரிப்பதெல்லாம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். உட்கார்ந்து எழுவது, குனிந்து நிமிர்வது, முன்னால் தள்ளுவது, தன் பக்கம் இழுப்பது, தலைக்கு மேல் தூக்குவது, வயிற்றை இறுக்கி நிற்பது: இந்த ஆறும் போதும்.

ஜிம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் தடையில்லை. 5 லிட்டர் கேனில் தண்ணீர் நிரப்பினால் 5 கிலோ. 10 கிலோ அரிசிப் பை, 25 கிலோ அரிசிச் சிப்பம், 20 லிட்டர் தண்ணீர் கேன் எல்லாமே எடைதான். பொடக்காலியிலோ மொட்டைமாடியிலோ இடம் கிடைத்தால் ஆரம்பித்துவிடலாம். தொடங்கும் முன் ஐந்து நிமிடம் வேகமாக நடந்து, கைகால் மூட்டுகளைச் சுழற்றி, அன்றைய முதல் அசைவை எடையில்லாமல் பத்து முறை செய்து உடம்பைச் சூடாக்குங்கள்.

*உட்கார்ந்து எழுவது.* பின்னால் ஒரு நாற்காலி. கால்கள் தோள் அகலம், விரல்கள் கொஞ்சம் வெளிப்பக்கம். பின்புறம் நாற்காலியைத் தொடும்வரை மெதுவாக இறங்கி, உட்காராமல் எழுங்கள். முழங்கால் உள்பக்கம் சாயக் கூடாது. குதிகால் தரையைவிட்டு எழும்பக் கூடாது. இது கைவந்ததும் 5 லிட்டர் கேனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள், அப்புறம் அரிசிப் பை. ஜிம்மில் டம்பெல். நூறு பஸ்கி வேகமாக எடுப்பது மூச்சுத் தம்முக்கு நல்லது. தசை இறுக வேண்டுமானால் பத்துப் பன்னிரண்டு முறையிலேயே கால் திணறும் அளவு எடை வேண்டும்.

*குனிந்து நிமிர்வது.* புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இதில்தான். சுவருக்கு முதுகைக் காட்டி ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். முழங்காலை லேசாக மடக்கி, பின்புறத்தைப் பின்னால் தள்ளிச் சுவரைத் தொடுங்கள். இரண்டு கையிலும் பை இருக்கும்போது பின்புறத்தால் கதவைச் சாத்துவோமே, அதே அசைவு. முதுகு வளையக் கூடாது. சரிபார்க்க ஒரு நீளக் குச்சியை முதுகோடு பிடித்துக்கொள்ளுங்கள்: பின்தலை, நடுமுதுகு, வால் எலும்பு மூன்றையும் குச்சி தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று விலகினாலும் அதற்கு மேல் குனியாதீர்கள். தொடையின் பின்பக்கம் இழுப்பது தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள். இடுப்பு எலும்புக்கு மேலே கீழ்முதுகில் வலித்தால் தவறு. இந்த அசைவு வந்த பிறகே கையில் எடை. ஒரு மாதம் கழித்துச் சிப்பத்தைத் தரையிலிருந்து தூக்கும்போதும் இதே முதுகுதான்.

*தள்ளுவது* தண்டால். முதலில் சுவரில் கை வைத்து, பிறகு மேசை, பிறகு திண்ணை, கடைசியில் தரை. உயரம் குறையக் குறையக் கடினமாகும். முழங்காலை ஊன்றிச் செய்வதைவிட இந்த வரிசை நல்லது என்பது என் கருத்து. உடம்பு நேராக நிற்கப் பழகுகிறது, வயிறும் கூடவே வேலை செய்கிறது.

*இழுப்பது:* ஒரு கையைக் கட்டிலில் ஊன்றி, மறுகையில் கேனைத் தொங்கவிட்டு, முழங்கையை இடுப்பை நோக்கி இழுங்கள். நாளெல்லாம் பவர் டேபிளில் குனிந்து தைப்பவர்களும், கம்ப்யூட்டர் முன் இருப்பவர்களும் இதைத் தவிர்க்கவே கூடாது. தோள் முன்னால் சரிந்திருப்பதால் தொப்பை இன்னும் பெரிதாகத் தெரியும். முதுகுத் தசை வலுவானால் நிமிர்ந்து நிற்பது தானாக வரும்.

தலைக்கு மேல் தூக்குவதற்கு இரண்டு டம்பெல், அல்லது இரண்டு 2 லிட்டர் தண்ணீர் பாட்டில். கடைசியாக பிளாங்க்: முழங்கையும் கால்விரலும் ஊன்றி, இடுப்பு தொங்காமல் 20 முதல் 40 விநாடி.

நடுவே நிறுத்தாமல் தொடர்ந்து எடுக்கும் ஒரு சுற்றுதான் ஒரு செட். முதல் இரண்டு வாரம் ஒவ்வொன்றிலும் இரண்டு செட், அப்புறம் மூன்று. செட்டுக்கு 8 முதல் 12 முறை. செட்டுக்கு நடுவே ஒன்றரை, இரண்டு நிமிடம் ஓய்வு. மொத்தம் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒவ்வொரு செட்டையும் "இன்னும் இரண்டு எடுக்கலாம், அதற்கு மேல் முடியாது" என்ற இடத்தில் நிறுத்துங்கள். இன்னும் பத்து எடுக்கலாம் என்று தோன்றினால் எடை போதவில்லை.

வயிற்றுக் கொழுப்பு போக வேண்டும் என்று தினமும் நூறு சிட்-அப் எடுப்பவர்கள் கவனிக்க: ஓரிடத்துத் தசையை அசைப்பதால் அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையாது. உடம்பு முழுக்கக் குறையும்போது அங்கும் குறையும். இடுப்பு பெரும்பாலும் கடைசியில்தான் வழிவிடும்.

பெண்கள் எடை தூக்கினால் ஆண்கள் மாதிரி ஆகிவிடுவார்கள் என்ற பயத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பெரிய தசைக்கு வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் பெண்களுக்கு மிகமிகக் குறைவு. முப்பது வயதுக்குப் பிறகு பயிற்சி இல்லாவிட்டால் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பும் சேர்ந்து மெலிகிறது. வலுப்பயிற்சி இரண்டுக்கும் அணை போடும். இதை அதிகம் செய்ய வேண்டியவர்கள் நம் வீட்டு அம்மாக்களும் அக்காக்களும்தான்.

ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டுப் போதும். ஒவ்வொரு நாளும் இப்படி ஒரு வரி:

ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), 10 கிலோ: 12, 11, 9.

மூன்று செட்டில் எடுத்த எண்ணிக்கை இது. அடுத்த முறை 12, 12, 10 ஆக்கப் பாருங்கள். மூன்றிலும் 12 வந்ததும், அடுத்த நாள் 12.5 கிலோ. எண்ணிக்கை 8, 9 என்று இறங்கும், இறங்கட்டும். மறுபடி 12 வரை ஏறுங்கள். உடம்பு இறுகுவதற்கான வழி மொத்தமும் இந்த ஏற்றத்தில்தான் இருக்கிறது. மூன்று மாதமாக ஒரே 5 கிலோவைத் தூக்கிக்கொண்டிருந்தால் உடம்புக்கு மாற எந்தக் காரணமும் இல்லை. வீட்டில் எடையைக் கூட்ட வழியில்லாவிட்டால் இறங்கும் வேகத்தைக் குறையுங்கள். மூன்று விநாடி எண்ணி இறங்கினால் அதே கேன் கனக்கும்.

முதல் மூன்று நான்கு வாரத்தில் நீங்கள் தூக்கும் பளு மளமளவென்று ஏறும். அதில் பெரும்பங்கு நரம்புகள் தசையை இயக்கப் பழகுவதால் வருவது. கண்ணுக்குத் தெரியும் மாற்றத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வேண்டும். டேப்பை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுங்கள். உடல் எடை அசையாமல் இடுப்பு குறைந்து, நோட்டில் எண்கள் ஏறினால் எல்லாம் சரியாகப் போகிறது. எடையும் இடுப்பும் ஏறினால் சாப்பாடு கூடுதல். எடை குறைந்து தூக்கும் பளுவும் குறைந்தால் சாப்பாடு போதவில்லை, இல்லை தூக்கம் போதவில்லை. ஏழு மணி நேரத் தூக்கம் இல்லாமல் இந்தக் கணக்கு எதுவும் ஒழுங்காக வராது.

கோவை ரேஸ் கோர்ஸில் தினமும் நடப்பவர்கள் அதை விட வேண்டாம். இதயத்துக்கு நல்லது. ஆனால் தசைக்கு அது மட்டும் போதாது.

எச்சரிக்கைகள்

ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், முதுகு டிஸ்க் பிரச்சினை இருப்பவர்கள், கர்ப்பிணிகள், சிசேரியன் ஆகிச் சில மாதங்களே ஆனவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம், இதையும் மருத்துவரிடம் பேசிக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு மேலே சொன்ன புரத அளவு பொருந்தாது. எடை தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள், தூக்கும்போது விடுங்கள். நெஞ்சு வலி, தலைசுற்றல், மூட்டில் குத்தும் வலி வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

மறுநாளும் அடுத்த நாளும் தசை வலிப்பது இயல்பு. ஆனால் முதல் நாளே வெறியோடு செய்துவிட்டு, கடும் வலியோடு சிறுநீர் கறுத்துப் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று பொருள். உடனே மருத்துவமனை போக வேண்டும். முதல் இரண்டு வாரம் இரண்டு செட் போதும் என்று சொன்னது இதற்காகவும்தான்.

வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடி) கட்டாயமில்லை. ஒரு ஸ்கூப்பில் 24 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கும், சமைக்க நேரமில்லாதவர்களுக்கு வசதி, அவ்வளவுதான். வாங்கினால் டப்பாவில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இருக்கிறதா பாருங்கள். ஜிம்மில் பலர் எடுக்கும் துணை உணவான கிரியேட்டினை நாளுக்கு 3 முதல் 5 கிராம் எடுப்பவர்களுக்கு முதல் வாரங்களில் உடல் எடை ஒரு கிலோ வரை ஏறலாம். தசைக்குள் சேரும் தண்ணீர் அது, பயப்பட வேண்டாம். "ஒரே மாசத்துல கட் விழுந்துடும்" என்று ஊசியோ பெயர் தெரியாத மாத்திரையோ யாராவது நீட்டினால் அந்த ஜிம்மையே மாற்றிவிடுங்கள்.

ஊரில் நோம்பி (கோயில் திருவிழா) சாட்டியதும் பயிற்சி ஒரு வாரம் நின்றுபோகும். கல்யாண சீசனிலும் அப்படித்தான். ஒரு வாரத்தில் தசை எங்கும் போய்விடாது. திரும்பி வரும் அன்று விட்ட இடத்தைவிடக் கொஞ்சம் குறைந்த எடையில், இரண்டு செட்டில் தொடங்குங்கள். 12.5 கிலோ தூக்கிக்கொண்டிருந்தால் அன்றைக்கு 10 போதும். ஒரு மாதம் விட்டுப்போயிருந்தால் பாதி எடையிலிருந்து வாருங்கள். முதல் தடவை மூன்று மாதம் பிடித்த ஏற்றம் இந்தத் தடவை சில வாரத்திலேயே வந்துவிடும்.